கத்திக்கு ஓர் ஈரம், கங்குக்கு ஓர் ஈரம்

பைப்பில் பிடிக்கும் கட்டிப் புகையிலை, கடைக்காரர்கள் ‘பிளக்’ என்று சொல்லும் அழுத்திய துண்டு, வாங்கியபடியே பற்றவைக்கக்கூடிய சரக்கு அல்ல. அதை வெட்ட வேண்டும், உதிர்க்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் பதம் பார்க்க வேண்டும். வழக்கு இந்தப் பதத்தைப் பற்றித்தான். கட்டியை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், காய்ந்துவிட்டால் நீர் காட்டி மீட்க வேண்டும், காய்ந்த புகையிலை செத்த புகையிலை என்பது ஒரு கட்சி. டப்பாவிலிருந்து எடுக்கும் எந்தப் புகையிலையும் அளவுக்கு மீறி ஈரமானது, காயவைக்காமல் பிடிப்பவருக்கு நாக்கு எரிச்சலும் குழாயில் கொப்பளிக்கும் நீரும்தான் மிச்சம் என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பிலும் பழக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது அவரவர் கையில் பலித்ததைத்தான். எனவே யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவதைவிட, ஒரே பொருளைப் பற்றி நேர்மாறான இரண்டு யோசனைகள் எப்படி ஒருசேரப் பலிக்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். ஈரம் இங்கே இரண்டு வேலைகளுக்குத் தேவைப்படுகிறது என்பதே என் வாதம். கத்தியின் கீழ் கட்டி நொறுங்காமல் இருக்க ஓர் ஈரம் வேண்டும். பற்றவைத்த கங்கு அணையாமல் நின்று எரிய வேறோர் ஈரம் வேண்டும். முதலாவது இரண்டாவதைவிடக் கூடுதல். இரண்டையும் ஒரே அளவாக எடுத்துக்கொண்டதில் பிறந்ததுதான் பெரும்பாலான சண்டை.

கட்டி உருவாகும் விதத்திலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. நடுநரம்பை நீக்கிய இலைக்கு நீர் தெளித்து, சில தொழிற்சாலைகளில் சர்க்கரைப் பாகோ அதிமதுரச் சாறோ சேர்த்து, வளைந்து கொடுக்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு அதை அடுக்கடுக்காகப் பரப்பி, அச்சில் இட்டு அழுத்தி, நாள்கணக்கில் அழுத்தத்திலேயே விட்டுவைக்கிறார்கள். சில வகைகளுக்குச் சூடும் கொடுப்பதுண்டு. இலைகளுக்கு நடுவிலிருந்த காற்று வெளியேறி, இலையின் சர்க்கரையும் பிசினும் ஒட்டி, அடுக்குகள் ஒரே பாளமாகின்றன. உலர்ந்த இலையை இப்படி அழுத்தவே முடியாது, பொடிதான் மிஞ்சும். புகையிலை பயிராகும் ஊர் எங்கும் இது பாலபாடம். வேதாரண்யத்திலும் திண்டுக்கல்லிலும் உலர்த்திய இலையைப் பனி இறங்கிய அதிகாலையில்தான் கைவைத்துக் கட்டுவார்கள். வெயில் ஏறிய பிறகு தொட்டால் இலை உதிர்ந்து போகும். அமெரிக்காவின் வெர்ஜீனியா, வட கரோலினா விவசாயிகளும் மழையும் மூடுபனியும் பார்த்தே கொட்டகையிலிருந்து இலையை இறக்கினார்கள். இலையைக் கையாள்வதற்கு ஒரு பதம் உண்டு, அது எரிப்பதற்கான பதத்தைவிட ஈரமானது என்பது விவசாயிக்குத் தெரியும். அந்த அறிவு புகைப்பவரிடம் வந்து சேர்வதற்குள் பாதி வழியில் தொலைந்துவிட்டது.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பிளக் பெரும்பாலும் மெல்லுவதற்கான சரக்கு. ரிச்மண்ட், லிஞ்ச்பர்க், டான்வில் நகரங்களின் ஆலைகளும், 1875இல் வட கரோலினாவின் வின்ஸ்டனில் ஆர். ஜே. ரெனால்ட்ஸ் தொடங்கிய ஆலையும் அதைத்தான் செய்து குவித்தன. பைப்புக்கான கட்டி செழித்தது பிரிட்டனிலும் அயர்லாந்திலும். அங்கே அதற்கு ஒரு கடல்வழிக் கிளையும் உண்டு. கப்பலில் இலையாகக் கிடைத்த புகையிலையை மாலுமிகள் ரம்மில் நனைத்து, கித்தானில் சுருட்டி, தாரடித்த கயிற்றால் வரிந்து கட்டி வைப்பார்கள். சில வாரங்களில் அது கட்டையாக இறுகிவிடும். வேண்டும்போது முனையிலிருந்து சீவிக்கொள்வார்கள். நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர் நிறுவனம் ‘நேவி கட்’ என்று விற்ற சரக்கின் பெயர் அந்த வழக்கத்தை நினைவூட்டுவதே. இப்படிக் கட்டுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. உதிரி இலை எல்லாப் பக்கமும் காற்றைத் தொடுகிறது; இறுக்கிய கட்டை தன் மேற்பரப்பில் மட்டுமே தொடுகிறது. மாதக்கணக்கான பயணத்தில் உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நிற்க இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. ஆக, கட்டி என்பதே ஈரத்தைச் சேமித்துவைக்கும் வடிவம்தான். சேமிக்கிற ஈரமும் பிடிக்கிற ஈரமும் ஒன்றே என்று அந்த மாலுமி நினைத்திருக்க முகாந்திரம் இல்லை. சீவியதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உதிர்த்து, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் குழாயில் போட்டார்கள்.

ஈரத்துக்குப் பணக் கணக்கும் உண்டு, அது சுவாரசியமானது. பிரிட்டனில் புகையிலைக்கான வரி மூல இலையின் எடைமேல் விதிக்கப்பட்டது. வரி கட்டிய இலையில் தண்ணீர் சேர்த்து எடையைக் கூட்டினால், தண்ணீரும் புகையிலை விலைக்குப் போகும். இலையில் வேறு பொருள்களைக் கலப்பதை 1842ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கமாகத் தடுத்தது. இனிப்பு சேர்த்த கேவண்டிஷ் வகைகளைச் சுங்கக் காவலில் உள்ள கிடங்குகளில் மட்டும் செய்துகொள்ள 1863இல்தான் வழி விட்டார்கள். சாதாரண உற்பத்தியாளருக்குச் சட்டத்துக்கு உட்பட்டுக் கிடைத்த மலிவான கலப்படம் தண்ணீர் ஒன்றுதான். அது எவ்வளவு இலாபம் தரும் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 சதவீதம் ஈரமுள்ள 100 பவுண்டு இலையில் உலர்பொருள் 86 பவுண்டு. அதை 35 சதவீத ஈரத்துக்குக் கொண்டுபோனால் எடை 132 பவுண்டைத் தாண்டும். 32 பவுண்டுக்கும் மேல் வெறும் நீர்! 1887இல் அரசு ஈரத்துக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 1898 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஹிக்ஸ் பீச் வரியைக் குறைத்தபோது வரம்பையும் 30ஆக இறக்கினார். பிறகு அது 32இல் நிலைத்தது. புகைப்பவரின் நாக்கை நினைத்து வைத்த எண்கள் அல்ல இவை. வருவாய்த் துறைக்கும் ஆலைக்காரருக்கும் இடையே நடந்த இழுபறியின் எண்கள். ஆனாலும் இவை ஒன்றைக் காட்டுகின்றன. கடையில் கிடைத்த கட்டியின் ஈரம் எரிவதற்குப் பொருத்தமான அளவு என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. ‘செய்தவனுக்குத் தெரியாதா, அவன் கொடுத்த ஈரத்திலேயே பிடி’ என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. செய்தவருக்குத் தெரியும்தான், ஆனால் அவர் அழுத்தவும் வெட்டவும் விற்கவும் ஏற்ற பதத்தைக் கொடுத்தாரே தவிர, எரிக்க ஏற்ற பதத்தை அல்ல.

இனி கத்திக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பலசரக்குக் கடைகளில் மேசைமேல் வார்ப்பிரும்பு வெட்டுக்கருவி ஒன்று திருகியிருக்கும். ஒரு முனையில் கீல், மறு முனையில் கைப்பிடி, நடுவில் அலகு: பெரிய பாக்குவெட்டிதான். நீளப் பாளத்தை அதனடியில் தள்ளி, கேட்ட அளவுக்கு நறுக்கிக் கொடுப்பார்கள். அயர்லாந்தின் தொழிலாளியிடம் இருந்தது சட்டைப் பையில் மடக்குக் கத்தி ஒன்றே. கருவி எதுவானாலும் விதி ஒன்று: அடுக்குகளுக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். இலைகள் படுக்கையாக அடுக்கப்பட்டிருப்பதால், மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவினால், ஒவ்வொரு சீவலிலும் எல்லா அடுக்குகளும் விளிம்பு காட்டி நிற்கும். விரலால் தேய்த்தவுடன் மெல்லிய இழைகளாகப் பிரியும். அடுக்கின் போக்கிலேயே சீவினால் வருவது இலைத் தகடு. அது பிரியாது, கிழியும். கலவைக் கட்டிகளில் இது சுவையையே பாதிக்கும். அமெரிக்காவின் ஜி. எல். பீஸ் கலவையான ‘ஜாக்நைஃப் பிளக்’கில் வெளியே கரும்புகை ஏற்றிய கென்டக்கி இலையும் செவ்வெர்ஜீனியாவும், நடுவே பொன்னிற வெர்ஜீனியாவும் இருக்கும். அதைக் குறுக்கே சீவினால் எல்லா இலையும் ஒரே வாயில் சேரும்; போக்கிலே உரித்தால் இன்று கென்டக்கி, நாளை வெர்ஜீனியா.

நல்ல பதத்தில் உள்ள கட்டியை வெட்டும்போது அலகு ஒரே சீராக இறங்கும், சீவல் சுருளாமல் சாயும், பலகையில் தூள் விழாது. காய்ந்த கட்டியில் அலகு முதலில் எதிர்க்கும், பிறகு திடீரென்று இறங்கும். சீவலின் ஓரம் உடைந்து, பலகையெல்லாம் துகளாகும். அந்தத் துகள் குழாயின் துளையை அடைத்து, இழுப்பைக் கெடுக்கும், வாயிலும் ஏறும். ஈரப்படுத்த வேண்டிய இடம் இதுதான். எவ்வளவு நீர் என்பதையும் ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. 9 சதவீதத்துக்குக் காய்ந்துபோன 50 கிராம் கட்டியில் உலர்பொருள் 45.5 கிராம். அதை 18 சதவீதத்துக்கு மீட்க, மொத்த எடை 55.5 கிராம் ஆக வேண்டும். சேர வேண்டிய நீர் 5.5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். இவ்வளவு குறைந்த நீரைக் கட்டியின்மேல் நேராக ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. அழுத்திய இலைக்குள் நீர் மெதுவாகவே ஊடுருவும். மேல் அடுக்கு சொதசொதத்து ஊதிப் பிரியும்போது நடுப்பகுதி எலும்பாகவே இருக்கும். மூடி இறுகிய ஜாடியில் கட்டியை வைத்து, அதைத் தொடாதபடி நனைத்துப் பிழிந்த துணியையோ சுட்ட மண் வில்லையையோ சேர்த்து மூடி, நாள்கணக்கில் விட்டுவைப்பதே சரி. ஈரம் ஆவியாக உள்ளே சென்று, தானாகச் சமன்பட வேண்டும். ஊடுருவும் நேரம் கனத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது: 2 மில்லிமீட்டர் சீவலுக்கு ஆகும் நேரத்தைவிட 2 சென்டிமீட்டர் கட்டிக்கு இரண்டு மடங்கோ பத்து மடங்கோ அல்ல, கிட்டத்தட்ட நூறு மடங்கு ஆகும். அவசரக்காரர்கள் கட்டியைக் கெடுப்பது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

ஆப்பிள் தோலையோ உருளைக்கிழங்குத் துண்டையோ ஜாடியில் போடுவது பழைய வழக்கம். நீர் தருவது என்ற அளவில் அது வேலை செய்யும். ஆனால் சர்க்கரையையும் பூஞ்சை வித்தையும் சேர்த்தே தரும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய மூடிய ஜாடி பூசணத்துக்குச் சொந்த வீடு. வெறும் நீரால் ஆகிற காரியத்துக்குப் பழத்தோலைக் கூப்பிட வேண்டியதில்லை. ரம், விஸ்கி தெளிப்பவர்கள் மாலுமிகளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 40 சதவீத மதுவில் மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆல்கஹால் முதலில் பறந்துவிட, இலையை மீட்பது அந்தத் தண்ணீர்தான். பீப்பாயில் ஊறிய மணம் கொஞ்சம் தங்கும், அது பிடித்திருந்தால் தெளிக்கலாம். ஈரப்படுத்தும் முறை என்று அதைச் சொல்வது பொருந்தாது.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒருமுறை காய்ந்த புகையிலை திரும்பாது, நீர் வந்தாலும் மணம் வராது என்பது அது. இதில் உண்மை இருக்கிறது, அதை எதுவரை ஏற்பது என்பதுதான் கேள்வி. காயும்போது நீரோடு எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களும் போகின்றன; கடைசியில் மேலே தெளித்த வாசனை எசென்ஸ்களுக்கு இது நிச்சயம் பொருந்தும். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து ஆலைகள் பூவாசனை ஏற்றிச் செய்யும் வகைகள் திறந்து கிடந்து காய்ந்தால், இழந்ததை எந்த நீரும் திருப்பித் தராது. ஆனால் அழுத்திய கட்டியின் சுவையில் பெரும்பகுதி அப்படிப் பறக்கும் பொருளில் இல்லை. சர்க்கரைகள், மெழுகுகள், சூட்டிலும் அழுத்தத்திலும் சர்க்கரையும் அமினோ சேர்மங்களும் வினைபுரிந்து உண்டான கரும்பழுப்புப் பொருள்கள் இவையெல்லாம் அறை வெப்பத்தில் எங்கும் போவதில்லை. மேலும் கட்டி காயும்போது இழப்பு மேற்பரப்பிலிருந்துதான் நடக்கிறது. அதே அளவு காய்ந்த உதிரிப் புகையிலையைவிடக் காய்ந்த கட்டி நன்றாகத் திரும்புவது இதனால்தான். இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. காய்ந்து மீண்ட இலை, அதே காற்றில் முதல்முறை காய்ந்துகொண்டிருக்கும் இலையைவிடக் குறைந்த ஈரத்திலேயே நின்றுவிடும். ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றல்ல. ஜாடிக்குள் 65 சதவீத ஈரப்பதம் காட்டும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, ‘எல்லாம் சரியாகிவிட்டது, ஆனாலும் பழையபடி இல்லையே’ என்று குறைப்படுவோரின் குறை கற்பனை அல்ல. அவர்கள் இழந்தது சில சமயம் மணத்தை அல்ல, இரண்டு மூன்று சதவீத நீரைத்தான்.

வெட்டி முடித்தபின் கணக்கு தலைகீழாகிறது. 20 சதவீத ஈரமுள்ள 3 கிராம் புகையிலையைக் குழாயின் கிண்ணத்தில் நிரப்பினால், அதில் 2.4 கிராம் உலர் இலை, 0.6 கிராம் நீர். ஒரு கிராம் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 70 கலோரி, ஆவியாக்க 540 கலோரி. 0.6 கிராமுக்குக் கங்கு 366 கலோரி கொடுத்தாக வேண்டும். அதே 2.4 கிராம் இலை 13 சதவீத ஈரத்தில் இருந்தால் நீர் 0.36 கிராம், செலவு 220 கலோரி. சிகரெட்டின் கங்கு இழுக்கும்போது 900 டிகிரியை ஒட்டி ஏறும். பைப்பின் கங்கு அதைவிடத் தணிந்தது, மெதுவானது. கனமான வெட்டும் இறுக்கமும் அதற்குக் காற்றைக் குறைவாகவே தருகின்றன. ஆகவே நீருக்குச் செலவாகும் சூடு இங்கே பெரிய செலவு. அது தாங்காமல் கங்கு அணைகிறது. பிடிப்பவர் மறுபடி பற்றவைத்து, அணையாமலிருக்க வேகமாக இழுக்கிறார். வேகமாக இழுப்பதால் சூடு ஏறுகிறது. எழுந்த ஆவி குழாய் வழியே வந்து நாக்கில் படிந்து, தன் சூட்டை அங்கே இறக்கிவைக்கிறது. ஈரம் குளிர்ச்சி தரும் என்று நம்பி ஈரமாகப் பிடிப்பவருக்கு வாய் வெந்துபோவது இந்தச் சங்கிலியால்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேதியியல் தெரிந்தவர் உடனே எழுப்புவார். தாவரப் பொருள் எரிந்தாலே நீர் பிறக்கும். செல்லுலோஸ் 100 கிராம் முழுதாக எரிந்தால் 55 கிராமுக்கு மேல் நீர் வரும். அப்படியானால் எலும்பாகக் காய்ந்த புகையிலை கூடக் கிண்ணத்தில் ஒரு கிராமை ஒட்டி நீரைத் தரக்கூடும். இலையில் இருந்த 0.6 கிராமைக் குறைத்து என்ன பயன்? கணக்கு சரிதான், முடிவு சரியல்ல. எரிந்து பிறக்கும் நீர், எரியும்போது வெளிவந்த சூட்டோடு பிறக்கிறது; தொடக்கத்திலேயே ஆவியாக இருக்கிறது; கங்கிடமிருந்து எதையும் கேட்பதில்லை. இலையில் இருந்த நீரோ கங்குக்கு முன்னால் நின்று அதன் சூட்டைப் பிடுங்குகிறது. குழாயில் கொப்பளிக்கும் நீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். நன்றாகக் காயவைத்தும் கொப்பளிக்கிறதே என்பவருக்கு இது பதில். கங்கைப் பொறுத்தவரை ஒன்று விளைவு, மற்றது தடை. முதலாவதை நாம் குறைக்க முடியாது, இரண்டாவதைக் குறைக்க முடியும். கதையில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸ், முந்தைய நாள் குழாயில் எரியாமல் எஞ்சிய கட்டிகளைக் கணப்பு மேடை ஓரத்தில் சேர்த்துக் காயவைத்துக் காலையில் பிடிப்பவர். ‘பொறியாளரின் கட்டைவிரல்’ கதையை எழுதிய கோனன் டாயில் அதை வேடிக்கையாகத்தான் சேர்த்திருப்பார். ஆனால் அந்த எச்சத்தில் இரண்டு வகை நீரும் தேங்கியிருக்கும் என்பதால், காயவைக்கும் செய்கை மட்டும் பிழையற்றது. சுவையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எப்படி வெட்டுவது என்ற தகராறும் இதே கேள்வியின் இன்னொரு முகம். சிறு கனசதுரங்களாக வெட்டுவோர், சீவலை மடித்துத் திணிப்போர், முழுக்க உதிர்ப்போர் என்று மூன்று பள்ளிகள். கனசதுரம் குளிர்ச்சியாக எரியும் என்றும், மடித்த சீவல் சுவை கூடுதல் என்றும் சொல்வார்கள். அளந்து பார்த்தால் வேற்றுமை தோன்றுவதைவிடக் குறைவு. ஒரு தகட்டின் மேற்பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம், இரண்டைக் கனத்தால் வகுத்தால் வருவது; கனசதுரத்துக்கு ஆறைப் பக்கத்தால் வகுத்தால் வருவது. ஆகவே 1 மில்லிமீட்டர் சீவலும் 3 மில்லிமீட்டர் கனசதுரமும் காற்றுக்குக் காட்டும் முகம் ஒன்றே. அந்த அளவில் அவை உடன்பிறப்புகள். வேறுபாடு அடைப்பதில் இருக்கிறது. கனசதுரங்களுக்கு நடுவே இடைவெளி தானாக அமையும். மடித்த சீவல் ஒரே பாளமாக இறுகிக் காற்றை மறிக்கும். அதனால் மடித்துத் திணிப்பவரின் புகையிலை மற்ற இருவருடையதைவிட உலர்ந்திருக்க வேண்டும். முழுக்க உதிர்ப்பவர் ஓரிரண்டு சதவீதம் ஈரமாகவே பிடித்தாலும் தப்பித்துக்கொள்வார். ஒருவர் தன் வெட்டுக்குப் பலித்த ஈரத்தை இன்னொரு வெட்டுக்காரருக்கு உபதேசிப்பதில் தொடங்கும் மனஸ்தாபங்களை இந்த ஒரு செய்தி தீர்த்துவைக்கும், தீர்க்க விரும்பினால்.

பதத்தை எதைக் கொண்டு அறிவது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிட்டிகை எடுத்து அழுத்திப் பார்ப்பது வழக்கம். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம். சரசரத்து உடைந்தால் காய்ந்துவிட்டது. அழுத்தியதும் மெல்ல விரிந்தால் பதம். வெறும் இலைக்கு இது போதும். கிளிசரினோ புரொப்பிலீன் கிளைக்காலோ பாகோ சேர்ந்த சரக்கில் சிட்டிகை பொய் சொல்லும், ஏனெனில் அந்தப் பொருள்கள் நீர் போன பின்னும் இலையை நெகிழ்வாகவே வைத்திருக்கும். நகை நிறுக்கும் சிறு தராசு பொய் சொல்லாது. 20 சதவீத ஈரமுள்ள 10 கிராம் சீவல் 13 சதவீதத்துக்கு வரும்போது 9.2 கிராம் இருக்கும். தொடக்க ஈரம் தெரியாவிட்டால், ஒரு சிறு மாதிரியை 100 டிகிரியை ஒட்டிய அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, இழந்த எடையைப் பார்த்தால் போதும். புகை பிடிக்கவா தராசு, இதென்ன பொற்கொல்லர் வேலை என்று சிரிப்பவர்களுக்கு: ஒரு புதிய கட்டிக்கு ஒருமுறை நிறுத்தால் விரலுக்கு அந்தக் கட்டி பழகிவிடும், பிறகு தராசைத் தூக்கிவைக்கலாம். காயவைக்க எத்தனை நிமிடம் என்று நூல்களிலும் டப்பா முதுகிலும் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமன்படும் பொருள். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதமுள்ள அறையில் அது 12, 13 சதவீதத்தில் நிற்கும். 75 சதவீதக் காற்றில் ரகத்தைப் பொறுத்து 20ஐ ஒட்டியே நின்றுவிடும். கணப்பு எரியும் குளிர்கால அறையில் எழுதிய ‘அரை மணி நேரம் தாளில் பரப்புக’ என்ற குறிப்பு, ஐப்பசி மாதச் சென்னையிலோ கொழும்பிலோ இரவெல்லாம் பரப்பினாலும் பலிக்காது. அங்கே விளக்கின் அடியிலோ மிதமான சூட்டிலோதான் காயவைக்க வேண்டும். சூடு பட்டால் புகையிலை கெடும் என்ற பயம் இங்கே மிகை. பாதிக் கட்டிகள் பிறந்ததே சூட்டில். கட்டுப்பாடில்லாத மைக்ரோவேவ் மட்டும் ஓரத்தைக் கருக்கி நடுவை ஈரமாக விடும்.

நாக்கு எரிச்சல் முழுக்க ஈரத்தால் வருவதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை மிகுந்த வெர்ஜீனியாவின் புகை அமிலப் பக்கம் சாயும். பர்லி, கரும்புகை ஏற்றிய கென்டக்கி போன்ற சர்க்கரை குறைந்த கரிய இலைகளின் புகை காரப் பக்கம் சாயும். காரப் புகையில் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். கட்டிகள் பலவும் இந்தக் கரிய இலையால் ஆனவை. நெஞ்சுக்குள் இழுக்காதவரும் தலைசுற்றி உட்கார்வது அதனால்தான். ஈரத்தைச் சரிசெய்தால் வெந்துபோவது குறையும், இலையின் காரம் குறையாது. அதைவிட முக்கியமாக, பதமான புகை மென்மையான புகையே தவிரத் தீங்கற்ற புகை அல்ல. உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுக்கும் பைப்புக்கும் உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. எந்தச் சதவீதமும் அதை மாற்றாது. தொல்லையில்லாமல் எரியும்போது கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று கூட ஒருவர் வாதிடலாம், அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, வணிகத்தின் ஆட்சேபம். ஆலைகளே கட்டியைச் சீவி, உதிர்த்து, பொட்டலத்தில் அடைத்துத் தரத் தொடங்கியபின் இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். கட்டி கடைகளிலிருந்து பெருமளவு மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆலை இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றியது. இயந்திரக் கத்திக்கும் ஈரம் வேண்டும். பொட்டலம் கடை அலமாரியில் மாதங்கள் கிடக்கும் என்பதால் காயாமலிருக்க மேலும் கொஞ்சம் வேண்டும். பூசணம் பிடிக்காமலிருக்க ஓர் உச்சம் வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவே நிர்ணயித்த ஈரம்தான் பொட்டலத்தில் இருப்பது, அது கங்கின் தேவையைவிட மேலேதான் நிற்கும். வாங்கியவர் எப்படியும் காயவைக்கத்தான் போகிறார். கூடுதலாக அவருக்குக் கிடைப்பது, எல்லாம் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதால் பத்தே நாளில் மொத்தமும் காய்ந்துபோகும் வாய்ப்பு. கட்டி வாங்கியவருக்கு அந்தக் கவலை இல்லை. அன்றன்றைக்கு வேண்டியதைச் சீவி, உதிர்த்து, காற்றாட விட்டு, மீதியை வெட்டாமல் மெழுகுத்தாளில் சுற்றி ஜாடியில் போட்டு மூடினால், அடுத்த முறை கத்தி வைப்பதற்கான ஈரம் கட்டிக்குள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.